முக்கோணத்தை 5/3 மடங்கு பெரிதாக்குவது எப்படி?

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் வடிவியல் பாடத்தில் ஒரு வரைதல் வரும். ஒரு முக்கோணம் கொடுத்து, ஓர் அளவு காரணியும் கொடுத்து, அதற்கு வடிவொத்த முக்கோணம், அதாவது கோணங்கள் மாறாமல் அளவு மட்டும் மாறிய முக்கோணம், வரையச் சொல்வார்கள். பொதுத்தேர்வின் 8 மதிப்பெண் வரைதலிலும் இது அடிக்கடி தலைகாட்டும். போட வேண்டியது சில கோடுகள்தான். ஆனாலும் புதிதாக வரைபவர்கள் இரண்டு இடங்களில் தடுமாறுவார்கள். முக்கோணத்தின் ஒரு முனையிலிருந்து உதவிக்காகப் போடும் கதிரில் எந்தப் புள்ளியை இன்னொரு முனையோடு சேர்ப்பது என்பது ஒன்று, இணைகோட்டைச் சாயாமல் போடுவது இன்னொன்று. படிகளை மட்டும் மனப்பாடம் செய்தவர்களுக்குக் காரணியைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தாலே கை நின்றுவிடும். அதனால் பெரிதாக்கும்போது உண்மையில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

கூட்டினால் வடிவம் கெடும்

3, 4, 5 செ.மீ பக்கங்கள் கொண்ட செங்கோண முக்கோணம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இதைப் பெரிதாக்கச் சொன்னால் பலரும் ஒவ்வொரு பக்கத்தோடும் 2 செ.மீ கூட்டி 5, 6, 7 என்று வரைந்துவிடுவார்கள். பார்த்தால் அதே முக்கோணம் மாதிரிதான் இருக்கும். கோணமானியை வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்: 90 பாகையாக இருந்த மூலை இப்போது சுமார் 78 பாகை. பித்தகோரஸ் தேற்றத்தில் போட்டுப் பார்த்தாலும் இதேதான். 25 + 36 = 61, ஆனால் 7-இன் வர்க்கம் 49. செங்கோணம் போய்விட்டது.

கூட்டாமல் 2-ஆல் பெருக்குங்கள். 6, 8, 10 கிடைக்கும். 36 + 64 = 100. செங்கோணம் அப்படியே இருக்கிறது.

விஷயம் இவ்வளவுதான்: கோணங்கள் மாறக்கூடாது, எல்லா நீளங்களும் ஒரே எண்ணால் பெருக வேண்டும். அந்த எண்தான் அளவு காரணி. பக்கம் மட்டும் அல்ல, குத்துயரம், நடுக்கோடு, சுற்றளவு என்று படத்தில் உள்ள எந்த நீளமும் அதே எண்ணால்தான் பெருகும். காரணி 1-ஐவிடப் பெரிதானால் படம் பெரிதாகும். 0-க்கும் 1-க்கும் நடுவில் இருந்தால் சிறிதாகும். சரியாக 1 என்றால் சர்வசம முக்கோணம், அதாவது அதே அளவில் இன்னொன்று.

இரண்டு படங்களைக் கொடுத்துக் காரணியைக் கேட்டால், புதிய நீளத்தைப் பழைய நீளத்தால் வகுங்கள். தலைகீழாக வகுத்துவிடுவது சகஜம். படம் பெரிதாகியிருக்கும்போது 1-க்குக் குறைவான காரணி வந்தால், உடனே திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

அளவைத் தேர்ந்தெடுப்பது

பாடப்புத்தகத்துப் பயிற்சிக் கணக்குகளில் பெரும்பாலும் காரணியை மட்டும் கொடுத்திருப்பார்கள், முக்கோணத்தின் பக்க அளவுகள் இருக்காது. நம் விருப்பத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இந்தச் சுதந்திரத்தைச் சரியாகப் பயன்படுத்தினால் பாதி வேலை குறையும். அடிப்பக்கத்தைக் காரணியின் பகுதி எண்ணால் வகுபடும்படி வைத்துக்கொள்ளுங்கள். 7/4 என்றால் 4 செ.மீ, புதிய பக்கம் 7 செ.மீ வரும். 6/5 என்றால் 5 செ.மீ, 6 வரும். 7/3 என்றால் 3 செ.மீ எடுத்தால் 7 வரும், ஆனால் முக்கோணம் சின்னதாகிவிடும், 4.5 எடுத்தால் 10.5, இது பரவாயில்லை. 6 எடுத்தால் 14 ஆகிவிடும், விடைத்தாளில் இடம் இடிக்கும்.

பெரிதாகும் பக்கம் வலப்புறமும் மேற்புறமும் என்பதால், முதல் முக்கோணத்தைத் தாளின் இடது பக்கம், நடுவுக்குச் சற்றுக் கீழே போடுங்கள். கதிருக்கும் கீழே இடம் வேண்டும். நட்டநடுவில் அழகாக முக்கோணம் வரைந்துவிட்டுக் கடைசிக் கோடு தாளைத் தாண்டிப் போவதைப் பார்த்து முழிப்பவர்கள் நிறையப் பேர்.

வரைமுறை

காரணி 5/3 என்று வைத்துக்கொள்வோம். முக்கோணத்தின் முனைகள் க, ச, த. புத்தகத்தில் பி, க்யூ, ஆர் என்று இருக்கும். எழுத்து எதுவானாலும் வேலை ஒன்றுதான். சத = 6 செ.மீ, சக = 4.5 செ.மீ, கத = 5.4 செ.மீ.

முதலில் ஓரமாகக் கையால் ஓர் உதவிப்படம் போட்டுவிடுங்கள். சின்ன முக்கோணம், அதைச் சுற்றிப் பெரிய முக்கோணம், இரண்டுக்கும் ச பொதுவான முனை. கை எந்தத் திசையில் போக வேண்டும் என்று இந்தப் படம் சொல்லிவிடும்.

1. சத என்ற 6 செ.மீ கோட்டை வரையுங்கள். ச இடது பக்கம். ச-விலிருந்து 4.5, த-விலிருந்து 5.4 செ.மீ ஆரத்தில் விற்கள் வெட்டி, அவை சந்திக்கும் இடத்தை க என்று குறித்து முக்கோணத்தை முடியுங்கள்.

2. சத கோட்டை த-வுக்கு அப்பால் 5 செ.மீ போல நீட்டிவிடுங்கள். சக கோட்டையும் க-வுக்கு அப்பால் நீட்டுங்கள்.

3. ச-விலிருந்து கீழ்நோக்கி, சத-வோடு குறுங்கோணம் வரும்படி ஒரு கதிர் வரையுங்கள். கோணம் எவ்வளவு என்பது முக்கியமில்லை, ஆனால் 40 பாகை அளவில் இருந்தால் நல்லது. கதிரை மேலே, முக்கோணத்துக்குள் போட்டாலும் கணக்கு தப்பாகாது. கோடுகள் பின்னிக்கொண்டு எது எதுவென்று தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

4. கவராயத்தில் 2 செ.மீ போல ஓர் ஆரம் எடுத்து, அதை மாற்றாமல், ச-விலிருந்து கதிரின் மேல் அடுத்தடுத்து 5 விற்கள் வெட்டி 1, 2, 3, 4, 5 என்று எண்ணிடுங்கள். ச-வுக்கு எண் கிடையாது. அதை 1 என்று எண்ணிவிட்டால் எல்லாமே ஒன்று பிசகும்.

5. 3-ஆம் புள்ளியை த-வோடு சேருங்கள்.

6. 5-ஆம் புள்ளி வழியாக அந்தக் கோட்டுக்கு இணைகோடு வரையுங்கள். அது நீட்டிய சத-வை வெட்டும் இடம் த′.

7. த′ வழியாக தக-வுக்கு இணைகோடு வரையுங்கள். அது நீட்டிய சக-வை வெட்டும் இடம் க′. பெரிய முக்கோணம் க′சத′ தயார்.

இப்போது அளந்து பாருங்கள். சத′ 10 செ.மீ, சக′ 7.5 செ.மீ, க′த′ 9 செ.மீ இருக்க வேண்டும். மூன்றில் நான் முதலில் பார்ப்பது க′த′-வைத்தான். இரண்டு இணைகோடுகளில் எதில் பிசகு நேர்ந்தாலும் அந்தப் பக்கத்தின் நீளத்தில் தெரிந்துவிடும்.

இணைகோடு ஏன் சாய்கிறது

இந்த வரைதலில் தப்பு வருவது பெரும்பாலும் 6-ஆம், 7-ஆம் படிகளில். கண்மதிப்பில் அளவுகோலை நகர்த்திப் போடும் கோடு ஒன்றிரண்டு பாகை சாய்ந்துதான் நிற்கும்.

மூலைமட்டம் இருந்தால் வேலை சுலபம். அதன் நீளமான விளிம்பை 3-ஆம் புள்ளியையும் த-வையும் சேர்த்த கோட்டின் மேல் சரியாகப் பொருத்துங்கள். மூலைமட்டத்தின் இன்னொரு விளிம்பை ஒட்டினாற்போல அளவுகோலை வையுங்கள். இடது கையால் அளவுகோலை நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூலைமட்டத்தை மட்டும் அளவுகோலை உரசியபடி நகர்த்துங்கள். நீளமான விளிம்பு 5-ஆம் புள்ளியைத் தொட்டதும் நிறுத்திக் கோடு போடுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் ஸ்கேல் என்றால் அதன் ஓரத்தில் மூலைமட்டம் ஏறிக்கொள்ளும். கொஞ்சம் தடிமனான ஸ்கேலோ மரஸ்கேலோ இதற்குத் தேவலை.

மூலைமட்டம் இல்லையென்றால் கவராயம் போதும். 3-ஆம் புள்ளியில் முள்ளை ஊன்றி, கதிரையும் த-வுக்குப் போகும் கோட்டையும் வெட்டும்படி ஒரு வில். அதே ஆரத்தில் 5-ஆம் புள்ளியில் இன்னொரு வில். முதல் வில் இரண்டு கோடுகளையும் வெட்டிய புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தைக் கவராயத்தில் எடுத்து, இரண்டாவது வில் கதிரை வெட்டிய இடத்திலிருந்து அதே வில்லின் மேல் வெட்டுங்கள். அந்தப் புள்ளியை 5-ஓடு சேர்த்தால் ஒத்த கோணங்கள் சமம், ஆகவே கோடுகள் இணை. விற்களை அழிக்காதீர்கள். எப்படி வரைந்தீர்கள் என்பதற்கு அவைதான் சாட்சி.

அப்புறம் பென்சில். மழுங்கிய பென்சில் கோடு அரை மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக விழும். கதிரில் புள்ளிகளை அரை செ.மீ இடைவெளியில் நெருக்கி வைத்தால் அந்தத் தடிமனே பெரிய பிழையாகிவிடும். 2 செ.மீ ஆரம் எடுக்கச் சொன்னது அதனால்தான்.

இந்தக் கதிர் எதற்கு?

6-ஐ 5/3-ஆல் பெருக்கினால் 10 என்று மனக்கணக்கிலேயே வருகிறதே, நேராக 10 செ.மீ வரைந்தால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பக்கம் 5 செ.மீ, காரணி 7/3 என்று வையுங்கள். 11.666... செ.மீ வரும். அதை எந்த ஸ்கேலில் குறிப்பது? கதிர் அந்த வகுத்தலை நமக்காகச் செய்துகொடுக்கிறது. ச-விலிருந்து 3-ஆம் புள்ளிக்கும் 5-ஆம் புள்ளிக்கும் உள்ள தூரங்கள் 3 : 5 என்ற விகிதத்தில் இருக்கின்றன. முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்கு இணையாக வரைந்த கோடு மற்ற இரண்டு பக்கங்களையும் ஒரே விகிதத்தில் வெட்டும். புத்தகத்தில் அடிப்படை விகிதசமத் தேற்றம் அல்லது தேல்ஸ் தேற்றம் என்று இருப்பது இதுதான். ஆகவே சத : சத′ என்பதும் 3 : 5. எண்ணைக் கணக்கிடாமலே புள்ளி வந்துவிட்டது.

எந்தப் புள்ளியை எதோடு சேர்ப்பது என்ற குழப்பமும் இதில் தீர்ந்துவிடும். பகுதி எண் பழைய முனைக்கு, தொகுதி எண் புதிய முனைக்கு. 5/3 என்றால் 3 பழைய த-வுக்கு, 5 புதிய த′-வுக்கு. 3/5 என்று கொடுத்தாலும் இதே விதிதான்: 5-ஐ த-வோடு சேர்த்து, 3 வழியாக இணைகோடு போட்டால் புதிய முக்கோணம் பழையதற்குள்ளேயே உட்கார்ந்துவிடும். கதிரில் எத்தனை புள்ளிகள் வேண்டும்? இரண்டு எண்களில் எது பெரிதோ அத்தனை.

முனையை விட்டு வெளியே வந்தால்

மேலே செய்ததில் ச என்ற முனை நகரவே இல்லை. மற்ற எல்லாப் புள்ளிகளும் அதிலிருந்து விலகிப் போயின. அதுதான் பெரிதாக்குதலின் மையம். மையம் ஒரு முனையில்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. தாளில் எங்கே வேண்டுமானாலும் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு முனை வழியாகவும் கோடு நீட்டி, மையத்திலிருந்து முனைக்கு உள்ள தூரத்தைக் காரணியால் பெருக்கிக் குறித்தால் போதும். மையத்திலிருந்து முனை 3 செ.மீ தள்ளி இருந்தால், காரணி 2-க்கு 6 செ.மீ. இந்த 6-ஐ மையத்திலிருந்து அளக்க வேண்டும். பழைய முனையிலிருந்து அளந்தால் 9-இல் போய் நிற்கும். ஐங்கோணம் என்றால் ஐந்து கோடுகள். வட்டம் என்றால் அதன் நடுப்புள்ளியை நகர்த்தி, ஆரத்தைப் பெருக்கினால் முடிந்தது.

மையம் எங்கே இருந்தாலும் கிடைக்கும் படத்தின் அளவு ஒன்றுதான், இடம் மட்டும் மாறும். படத்துக்கு உள்ளே மையம் இருந்தால் புதியது பழையதைச் சுற்றி நிற்கும். வெளியே இருந்தால் தள்ளிப் போய் நிற்கும். இரண்டு படங்களையும் கொடுத்து மையத்தைக் கேட்டால், ஒத்த முனைகளைச் சேர்த்துக் கோடுகளை நீட்டுங்கள். எல்லாம் ஒரே புள்ளியில் சந்திக்கும்.

வரைபடத்தாளில் இது இன்னும் எளிது. மையம் ஆதிப்புள்ளி என்றால் இரண்டு ஆயத்தொலைவுகளையும் காரணியால் பெருக்கினால் போதும். காரணி 2 என்றால் (3, 1) என்பது (6, 2) ஆகும். மையம் வேறு இடத்தில் இருந்தால் முதலில் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்று பார்க்க வேண்டும். மையம் (1, 1), முனைகள் (2, 1), (4, 1), (2, 4), காரணி 2 என்று வைத்துக்கொள்வோம். மையத்திலிருந்து முனைகள் வலப்புறம் 1, 3, 1 கட்டங்களும் மேலே 0, 0, 3 கட்டங்களும் தள்ளி இருக்கின்றன. இரட்டித்தால் வலப்புறம் 2, 6, 2, மேலே 0, 0, 6. மையத்திலிருந்து எண்ணிக் குறித்தால் (3, 1), (7, 1), (3, 7). அடிப்பக்கம் 2-லிருந்து 4 ஆனது, உயரம் 3-லிருந்து 6 ஆனது. சரி.

கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் படிப்பவர்களுக்கு எதிர்மறைக் காரணியும் வரும். -2 என்றால் தூரம் இரட்டிப்பு, திசை மட்டும் மையத்துக்கு மறுபுறம். படம் தலைகீழாகத் திரும்பி நிற்கும். அங்கே விடை எழுதும்போது பெரிதாக்குதல் என்று மட்டும் சொன்னால் போதாது, காரணியும் மையமும் சேர்த்து எழுத வேண்டும்.

வளைவான படங்களுக்குக் கட்டம்

இலை, யானை, மாவட்ட வரைபடம் மாதிரி முனையே இல்லாத படங்களை என்ன செய்வது? படத்தின் மேல் 1 செ.மீ கட்டம் போடுங்கள். வேறு தாளில் 3 செ.மீ கட்டம் போடுங்கள். கோடு ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்தை எங்கே வெட்டுகிறது, பாதியிலா, கால்வாசியிலா என்று பார்த்துப் பெரிய கட்டத்தில் அதே இடத்தில் புள்ளி வைத்துச் சேர்த்துக்கொண்டே போனால் 3 மடங்கு படம் வந்துவிடும். ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்னால் சினிமா பேனர் வரைந்த ஓவியர்கள் ஸ்டில் போட்டோவின் மேல் கட்டம் கிழித்துத்தான் கட்டடம் உயரத்துக்கு முகங்களைக் கொண்டுபோனார்கள்.

இதற்கென்றே ஒரு கருவியும் உண்டு. 1603 வாக்கில் கிறிஸ்டோஃப் ஷைனர் என்ற ஜெர்மானியப் பாதிரியார் செய்த பாண்டோகிராஃப். நான்கு சட்டங்களை இணைகரமாகக் கோத்திருப்பார்கள். ஒரு முனையைப் பலகையில் ஆணி மாதிரி ஊன்றிவிட வேண்டும். நடுவில் உள்ள முள்ளால் படத்தின் மேல் தடவினால் மறுமுனையில் உள்ள பென்சில் பெரிதாக வரைந்துகொண்டே வரும். ஊன்றிய முனைதான் மையம். மையம், முள், பென்சில் மூன்றும் எப்போதும் ஒரே நேர்கோட்டில் நிற்கும்படி சட்டங்கள் பார்த்துக்கொள்ளும்.

பரப்பளவில் கவனம்

நீளம் 2 மடங்கானால் பரப்பளவு 2 மடங்கு அல்ல, 4 மடங்கு. காரணியை அதனாலேயே பெருக்க வேண்டும். நாம் வரைந்த 5/3 முக்கோணத்தின் பரப்பளவு 25/9 மடங்கு, அதாவது கிட்டத்தட்ட 2.8 மடங்கு. கன உருவம் என்றால் மூன்று முறை பெருக்க வேண்டும்: எல்லா அளவும் 2 மடங்கான தொட்டியில் 8 மடங்கு தண்ணீர் பிடிக்கும்.

இதை ஜெராக்ஸ் கடையில் பார்க்கலாம். ஏ4 தாள் 210 × 297 மி.மீ, ஏ3 தாள் 297 × 420 மி.மீ. ஏ3 என்பது இரண்டு ஏ4. ஏ4-ஐ ஏ3 ஆக்க மெஷினில் 200% என்று போடுவதில்லை, 141%. 1.41-ஐ அதனாலேயே பெருக்கினால் ஏறத்தாழ 2. பரப்பளவுதான் இரட்டிப்பாகிறது, நீளம் 1.41 மடங்குதான். 200% போட்டால் 420 × 594 மி.மீ தாள் வேண்டும். அது நான்கு ஏ4.

திரும்பி வரும் வழியும் இதேதான். பரப்பளவுகளின் விகிதம் கொடுத்தால் வர்க்கமூலம் எடுத்த பிறகுதான் பக்கத்துக்குப் போக வேண்டும்.

செய்து பார்க்க

ஒன்று: காரணி 7/4. உங்களுக்குப் பிடித்த முக்கோணம் ஒன்றை எடுத்து வரையுங்கள். கதிரில் 7 புள்ளிகள், 4-ஐ முனையோடு சேர்க்க வேண்டும். மூன்று பக்கங்களையும் அளந்து ஒவ்வொன்றும் 1.75 மடங்கு வருகிறதா பாருங்கள்.

இரண்டு: வடிவொத்த இரண்டு முக்கோணங்களின் பரப்பளவுகள் 36, 81 ச.செ.மீ. சிறியதில் ஒரு பக்கம் 8 செ.மீ என்றால் பெரியதில் ஒத்த பக்கம்? விகிதம் 6 : 9, ஆகவே 12 செ.மீ.

மூன்று: 10 × 15 செ.மீ போட்டோவைச் சுற்றி எல்லாப் பக்கமும் 2 செ.மீ அகலத்துக்குச் சட்டம். சட்டத்தின் வெளி ஓரமும் போட்டோவும் வடிவொத்தவையா? வெளி அளவு 14 × 19. 14-ஐ 10-ஆல் வகுத்தால் 1.4, 19-ஐ 15-ஆல் வகுத்தால் 1.27 போல வரும். வடிவொத்தவை அல்ல.